பெட்டியின் முதுகில் எழுதிய எண்

பெட்டியின் முதுகில் "8 ஓம்" என்று அச்சிட்டிருக்கும். அந்த ஒற்றை எண்ணை நம்பித்தான் நெய்வேலியில் நாங்கள் ஆம்ப்ளிஃபயர் வாங்கினோம், பெட்டிக்குப் பெட்டி ஒயர் இழுத்தோம், திருவிழாவுக்கு வாடகை பேசினோம். பெட்டிக்குள் ஓர் ஊஃபர், ஒரு ட்வீட்டர். இரண்டும் தனித்தனியே 8 ஓம். இரண்டு 8 ஓமைப் பேரலலாக இணைத்தால் 4 ஓம் என்று ஐ.டி.ஐ. முதல் வருடத்துப் பையனுக்கும் தெரியும். அப்படியிருக்க, பெட்டி மட்டும் எப்படி 8 ஓமாகவே நிற்கிறது? இருபது வயதில் இந்தச் சந்தேகம் எனக்கு வந்தது. கேட்ட இடத்திலெல்லாம் "கம்பெனிக்காரன் போட்டிருக்கான், அப்படியே எடுத்துக்க" என்றார்கள். சரியான பதில் கிடைக்க ஒரு பங்குனி உத்திரமும் இரண்டு ஜோடி டிரான்சிஸ்டரும் செலவாயின.

வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குக் காவடி போகும் சாலையில் ஒரு பந்தல். நான் வேலை பார்த்த சவுண்ட் சர்வீஸ் அங்கே நான்கு பெட்டிகள் கட்டியிருந்தது. மாலையில் நாதஸ்வரம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் ஒரு சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போயின. மாற்றினோம். மறுபடியும் போயின. அந்தச் சேனலில் இருந்த இரண்டு பெட்டிகளையும் கழற்றி மல்டிமீட்டர் வைத்தோம். ஒன்று 6 ஓம் சொச்சம் காட்டியது. மற்றதில் முள் அசையவே இல்லை. ஊஃபரின் வாய்ஸ் காயில் அறுந்திருந்தது. லோடே இல்லாத பெட்டியால் ஆம்ப்ளிஃபயருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று அதையே திரும்ப மாட்டப் போனோம். அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் முடித்துச் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் கையைப் பிடித்தார். "தம்பி, மீட்டர் விடறது பேட்டரி கரண்டு. பாட்டு என்ன பேட்டரி கரண்டா?"

பெட்டியைத் திறந்து, ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பலகையை எடுத்து, காலண்டர் தாளின் பின்புறத்தில் அவர் வரைந்து காட்டினார். ஊஃபருக்கு முன்னால் சீரீஸில் 1.8 மில்லிஹென்றி காயில். ஊஃபரின் குறுக்கே 14 மைக்ரோஃபாரட் கண்டன்சர். 1000 ஹெர்ட்ஸில் பிரிக்கும் கணக்கு. அந்த 1000 ஹெர்ட்ஸில் காயிலுக்கு 11 ஓம் சொச்சம், கண்டன்சருக்கும் அதே 11 ஓம் சொச்சம். ஆனால் ஒன்றுக்கொன்று நேர் எதிர்த் திசை. ஊஃபர் உயிரோடு இருக்கும்வரை அது இரண்டையும் அடக்கிவைக்கும். ஊஃபர் அறுந்துபோனால் காயிலும் கண்டன்சரும் மட்டுமே சீரீஸில் மிஞ்சும். ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். அந்தச் சுருதியில் ஆம்ப்ளிஃபயருக்குத் தெரிவது காயில் கம்பியின் தடை மட்டும்தான், ஒரு ஓமுக்கும் கீழே. நாதஸ்வரத்தின் மேல்சுரங்களும் கிளையொலிகளும் அந்த இடத்தைத் தொட்டபோதெல்லாம் எங்கள் ஆம்ப்ளிஃபயர் ஷார்ட்டில் ஓடியிருக்கிறது. மீட்டருக்கு அது திறந்த கம்பி. பாட்டுக்கு அது ஷார்ட். ஒரே பெட்டிதான், ஒரே நிமிடம்தான்.

அன்றிலிருந்து நான் கிராஸ்ஓவரை, ஒலியைப் பிரிக்கிற பொருளாக மட்டும் பார்ப்பதில்லை. ஆம்ப்ளிஃபயரின் கண்ணுக்குப் பெட்டி என்னவாகத் தெரியவேண்டும் என்பதை முடிவு செய்வதும் அதுதான். இந்த மலருக்காகக் கிராஸ்ஓவர் பாணிகளைப் பற்றி எழுதச் சொன்னபோது, எந்தப் பாணி இனிமை என்ற வழக்கமான விவாதத்தை விட்டுவிட்டு, எந்தப் பாணி ஆம்ப்ளிஃபயர்மேல் என்ன சுமையை ஏற்றுகிறது என்று எழுதலாம் என நினைத்தேன். நம் தொழிலில் அதைப் பேசியவர்கள் குறைவு.

முதலில் அந்த 8 ஓம் புதிர். எளிய கிராஸ்ஓவரை எடுத்துக்கொள்வோம்: 3000 ஹெர்ட்ஸில் பிரிக்க ஊஃபருக்கு 0.42 மில்லிஹென்றி காயில் ஒன்று, ட்வீட்டருக்கு 6.6 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று. தவில் அடிக்கும் 100 ஹெர்ட்ஸில் அந்தக் கண்டன்சர் 240 ஓம். ட்வீட்டர் கிளை இருப்பதும் இல்லாததும் அங்கே ஒன்றுதான். ஆம்ப்ளிஃபயர் ஊஃபரை மட்டும் பார்க்கிறது. 10,000 ஹெர்ட்ஸில் காயில் 26 ஓம் சொச்சம். ஊஃபர் பெரும்பாலும் ஒதுங்கிவிடும், ட்வீட்டர் முன்னால் வரும். நடுவே, சரியாக 3000-இல், இரண்டு கிளைகளும் சம அளவில் கரண்டை இழுக்கின்றன. ஒவ்வொரு கிளையும் தனியே 11.3 ஓம். ஆனால் ஒன்றில் கரண்டு வோல்டேஜுக்குப் பின்னால் வருகிறது, மற்றதில் முன்னால் ஓடுகிறது. சேர்த்துப் பார்த்தால் மறுபடியும் துல்லியமாக 8 ஓம். ஆளுக்கொரு முறை வைத்து மடை திறந்துவிடும் நீர்க்கட்டிபோல, கிராஸ்ஓவர் ஆம்ப்ளிஃபயரின் முன்னால் ஒரு சுருதிக்கு ஒரு ஸ்பீக்கரையே நிறுத்துகிறது.

இது 8 ஓம் ரெசிஸ்டரை வைத்துப் போட்ட கணக்கு. நிஜ ஸ்பீக்கர் ரெசிஸ்டர் கிடையாது. 1925-இல் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வடிவமைத்த அசையும் காயில் ஸ்பீக்கர்தான் இன்றும் நம் பெட்டிகளில் இருப்பது. அது ஒரு மோட்டார். நெய்வேலியில் மோட்டாரைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுற்றும் மோட்டார் தனக்குள் எதிர் வோல்டேஜை உண்டாக்கிக் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். ஊஃபரும் தன் இயல்பான அதிர்வெண்ணில், பெரிய 15 அங்குல ஊஃபரில் 40 ஹெர்ட்ஸ் பக்கம், தாராளமாக ஆடும்போது எதிர் வோல்டேஜ் எழும்பி, இம்பீடன்ஸ், அதாவது ஏ.சி. கரண்டுக்கு அது காட்டும் தடை, பல பத்து ஓமுக்கு ஏறிவிடும். துளை வைத்த பெட்டியானால் அந்த மேடு இரண்டாகப் பிளந்து நடுவே ஒரு பள்ளம் விழும். அதைத் தாண்டியதும் 6, 7 ஓமுக்கு இறங்கும். பிறகு வாய்ஸ் காயிலின் சுருள் குணத்தால் மறுபடி ஏறும். ஊஃபரின் கம்பித் தடை 6 ஓம், சுருள் குணம் 1.5 மில்லிஹென்றி என்றால் 1000 ஹெர்ட்ஸில் அது 11 ஓம். அங்கே 8 ஓம் என்று நினைத்துப் போட்ட கிராஸ்ஓவர் கணக்கு முழுவதும் இடம் நழுவிவிடும். ட்வீட்டருக்கும் இதுபோல ஒரு மேடு உண்டு. காந்த எண்ணெய் ஊற்றிய ட்வீட்டர்களில் அது அமுங்கியிருக்கும்.

ஆக, பெட்டியின் இம்பீடன்ஸ் ஒரு கோடு. மேடும் பள்ளமுமாக 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஓடும் கோடு. முதுகில் எழுதிய எண் அதற்கு வைத்த பெயர் மட்டுமே. 50 ஹெர்ட்ஸ் ஒன்றையே பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது முதலில் பிடிபடாது. 1962-இல் இங்கே முதல் அனல் மின் நிலையம் கரண்டு கொடுக்கத் தொடங்கியதிலிருந்து நம் டர்பைன்கள் ஒரே சுருதியில்தான் பாடிவருகின்றன. ஆம்ப்ளிஃபயரோ பத்து ஆக்டேவுக்கு ஒரே நேரத்தில் ஈடுகொடுக்கவேண்டிய ஜெனரேட்டர்.

நம் பக்கத்து மரபு குழாயிலிருந்து தொடங்குகிறது. 1940-இல் தொடங்கிய டெல்லி அஹூஜாவின் ஆம்ப்ளிஃபயரும் பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரும்தான் எங்கள் முந்தைய தலைமுறையின் ரேடியோ செட். அதில் கிராஸ்ஓவர் கிடையாது. ஒரே யூனிட், குறுகிய அலைவரிசை. தூரத்துக்கு ஒயர் இழுக்கும்போது 100 வோல்ட் லைன். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு லைன் டிரான்ஸ்பார்மர். 10 வாட் டேப்பில் மாட்டினால் அந்தக் குழாய் லைனுக்கு 1000 ஓம். அந்தப் பெரியவர்கள் ஓமைப் பற்றிப் பேசியதே இல்லை. வாட்டைக் கூட்டுவார்கள், ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். மின்வாரியக் கணக்குப் போலவே எளிமையான, பிழைபடாத முறை. அந்த ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன். கூம்பு ஒலிபெருக்கி கூடாது என்று அனுமதிக் கடிதங்களில் வரத் தொடங்கிப் பெட்டிகள் பெருகியபோது, அந்தக் கணக்கைக் கைவிட்டோம். பெட்டிக்கான கணக்கைக் கற்றுக்கொள்ளவில்லை. நடுவில் எரிந்த டிரான்சிஸ்டர்களுக்கு இதுதான் காரணம்.

பெட்டி வந்தபோது முதலில் வேரூன்றியது ஒற்றைக் கண்டன்சர் பாணி. ஊஃபர் நேராக, ட்வீட்டருக்கு மட்டும் ஒரு கண்டன்சர். இதைக் குறைவாகப் பேசுபவர்கள் உண்டு. சுமையைப் பொறுத்தவரை நான் அதைக் குறை சொல்லமாட்டேன். பெரிய ஊஃபரின் சுருள் குணமே மேலே அதை ஒதுக்கிவிடுவதால் ஆம்ப்ளிஃபயருக்குத் தொல்லை இல்லை. 6 அங்குலச் சிறிய ஊஃபர்களில்தான் சிக்கல்: அவற்றின் சுருள் குணம் குறைவு, ட்வீட்டரோடு சேர்ந்து 5000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு 5 ஓமுக்கு இறங்கிவிடும். இதே பாணியின் கிளையாகத்தான் பீசோ ட்வீட்டர் வந்தது. அது தானே ஒரு கண்டன்சர் என்பதால் வேறு கண்டன்சர் வேண்டாம் என்று அப்படியே மாட்டினார்கள். ஆனால் மேலே போகப்போக அதன் இம்பீடன்ஸ் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏழெட்டு பீசோவைப் பேரலலாக மாட்டினால் சில ஆம்ப்ளிஃபயர்கள் காதுக்குக் கேட்காத சுருதியில் தானே ஊசலாடத் தொடங்கிவிடும். சீரீஸில் ஒரு சிறு ரெசிஸ்டர் வைத்தால் தீர்ந்தது. வைத்தவர்கள் குறைவு.

அடுத்தது பாடப்புத்தகப் பாணி. சென்னை ரிச்சி தெருவில் பச்சைப் பலகையில் காயிலும் கண்டன்சருமாகத் தொங்கும் தயார் கிராஸ்ஓவர்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த இனம். பட்டர்வொர்த் கணக்கு, ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவு. எங்கள் பங்குனி உத்திரப் பலகையும் இதுவே. காகிதத்தில் பட்டர்வொர்த் மிக அழகானது: இரண்டு பக்கமும் சரியான ரெசிஸ்டர் இருந்தால், எந்தச் சரிவாக இருந்தாலும், பிரிக்கும் இடத்திலும் அதற்கு அக்கம்பக்கத்திலும் ஆம்ப்ளிஃபயருக்கு மாறாத 8 ஓம் தெரியும். ரெசிஸ்டர் இருந்தால். 8 ஓம் என்று கேட்டு வாங்கிய பலகையை, அந்தச் சுருதியில் 11 ஓமாகவோ 6 ஓமாகவோ நிற்கும் ஸ்பீக்கரில் மாட்டினால் அந்த அழகு குலைகிறது. மூன்று வழிப் பெட்டிகளில் இன்னும் மோசம். ஊஃபர் 800 வரை பாடட்டும், மிட் 400-லிருந்து தொடங்கட்டும், நடுவில் கனம் கூடும் என்று இரண்டு பலகைகளைக் கலந்து மாட்டுவோர் உண்டு. 400-க்கும் 800-க்கும் நடுவே இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றாக நிற்கின்றன. மனிதக் குரல் வாழும் இடம் அது. பேச்சாளர் குரலை உயர்த்தினால் ஆம்ப்ளிஃபயர் சூடேறுவதற்குக் காரணம் வேறெங்கும் தேடவேண்டாம்.

மூன்றாவது பாணிக்கு வித்திட்ட சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் ஹ்யூலெட் பக்கார்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். 1976-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து லிங்க்விட்ஸ்–ரைலி பாணி பிறந்தது. ரைலி அவருடைய சக பணியாளர். பிரிக்கும் இடத்தில் இரண்டு ஸ்பீக்கரும் 6 டெசிபல் இறங்கி, ஒலியாகச் சேரும்போது சமதளமாகும். இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது இதைத்தான். ஆனால் லிங்க்விட்ஸ் எழுதியது ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைக்கும் ஆக்டிவ் கிராஸ்ஓவருக்கு. அதையே காயில் கண்டன்சரில் நகல் எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வைத்தால், ரெசிஸ்டர் கணக்கின்படி பிரிக்கும் இடத்தில் இம்பீடன்ஸ் இரண்டு மடங்காகிறது: 8 ஓம் பெட்டி அங்கே 16. இறங்குவதைவிட ஏறுவது பாதுகாப்புதான். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் அதைப் பொருட்படுத்தாது. வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் ரசிகர் வீட்டில் கதை வேறு. அதன் உள் இம்பீடன்ஸ் கூடுதல் என்பதால், பெட்டிக் கோட்டின் ஒவ்வொரு மேடும் ஒலியிலும் ஒரு மேடாக எழும். ஒரே பெட்டி ஒரு வீட்டில் ஒரு மாதிரியும் அடுத்த வீட்டில் வேறு மாதிரியும் பாடுவதற்கு இது ஒரு காரணம்.

எனக்குப் பிடித்த பாணி பிரிட்டனுடையது. பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ, காலணிப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதன் கிராஸ்ஓவரில் பிரிப்பதற்கான உறுப்புகளைவிடத் திருத்துவதற்கான உறுப்புகள் அதிகம். ஸ்பீக்கரை 8 ஓம் ரெசிஸ்டர் என்று வைத்துக்கொள்ளாமல், அளந்து, அதன் கோணல்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்த வேலை அது. முதலில் 15 ஓம் பெட்டியாக இருந்து, 1980களின் பிற்பகுதியில் புதிய கிராஸ்ஓவரோடு 11 ஓமாயிற்று. அதற்கு ஸ்பீக்கர் செய்துகொடுத்த கெஃப் நிறுவனம் 1984-இல் ரெஃபரன்ஸ் 104/2 என்ற பெட்டியில் இன்னொரு படி மேலே போனது: இம்பீடன்ஸ் கோட்டின் ஒவ்வொரு மேட்டுக்கும் எதிரிடையான சுற்று ஒன்றை உள்ளேயே வைத்து, ஆம்ப்ளிஃபயருக்கு ஏறக்குறைய 4 ஓம் ரெசிஸ்டராகவே பெட்டியைக் காட்டியது. 4 ஓம் என்றதும் நம்மவர்கள் பயப்படுவார்கள். நேர்கோடாக நிற்கும் 4 ஓம், பள்ளத்தில் 3-க்கு விழுந்து கோணலாக இழுக்கும் "8 ஓம்" பெட்டியைவிடச் சாதுவானது.

இந்தத் திருத்த வேலையின் அடிப்படைச் சுற்று ஓட்டோ ஜோபலுடையது. 1920களில் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பிகளுக்காக அவர் யோசித்தவற்றில் ஒன்று. ஸ்பீக்கரின் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் கண்டன்சரும் சீரீஸில். மேலே சொன்ன 6 ஓம், 1.5 மில்லிஹென்றி ஊஃபருக்கு 6 ஓம் ரெசிஸ்டர், 42 மைக்ரோஃபாரட் கண்டன்சர். ஊஃபர் மேலே ஏற, இது கீழே இறங்கி, இரண்டும் சேர்ந்து நேர்கோடாகும். நிஜக் காயில் கணக்கைவிடச் சற்று மந்தமாக ஏறும் என்பதால் ரெசிஸ்டரைக் கால்பங்கு கூட்டி வைப்பது அனுபவம். எலெக்ட்ரீஷியன் அண்ணனுக்கு இதைக் காட்டியபோது அவர் முகம் மலர்ந்தது. "நாங்க மோட்டார் பக்கத்துல கெப்பாசிட்டர் பேங்க் போட்டு பவர் ஃபேக்டர தூக்கறோமே, அதேதான் இது." ஆமாம், அதேதான், 50 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக ஆயிரம் சுருதிக்கு. ரிச்சி தெருப் பலகையை அப்படியே வைத்துக்கொண்டு இந்த இரண்டு உறுப்பை மட்டும் சேர்த்தாலே பாடப்புத்தகக் கணக்குக்கு உயிர் வந்துவிடும். ரெசிஸ்டரின் வாட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 5 வாட் போட்டு கருகிப்போன பலகைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ட்வீட்டரின் சத்தத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரிலும் இதே பாடம் உண்டு. 6 டெசிபல் குறைக்க நம் ஊரில் சீரீஸில் 4 ஓம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவார்கள். அதனால் ட்வீட்டர் கிளை 12 ஓமாகிறது. 3000-இல் பிரித்த 6.6 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இப்போது 2000-இல் பிரிக்கிறது. ட்வீட்டர் தாங்காத சுருதிகள் கீழிருந்து உள்ளே நுழைகின்றன, திருவிழா முடிவதற்குள் ட்வீட்டர் போகிறது. குறைத்த அளவும் 6 டெசிபலுக்கு வரவில்லை. சீரீஸில் 4 ஓம் வைத்து, ட்வீட்டரின் குறுக்கே 8 ஓம் ஒன்றையும் வைத்தால் கிளை மறுபடி 8 ஓமாகிவிடும். கண்டன்சர் தன் இடத்திலேயே நிற்கும், குறைப்பும் சரியாக 6 டெசிபல். கூடுதல் செலவு ஒரு ரெசிஸ்டர்.

இப்போதைய பாணி ஆக்டிவ். பிராசஸர் சுருதியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. நடுவே காயிலும் இல்லை, கண்டன்சரும் இல்லை. ஊஃபர் அறுந்தால் ஆம்ப்ளிஃபயருக்கு உண்மையாகவே லோடு இல்லை. எங்கள் பங்குனி உத்திர விபத்து இந்தப் பாணியில் நடக்கவே முடியாது. லைன் அரேவின் காலத்தில் பெரிய மேடைகளுக்கு இதுவே வழி. ஆனால் பல பெட்டிகளில் மிட்டுக்கும் ட்வீட்டருக்கும் நடுவே இன்னும் பழைய கிராஸ்ஓவர் ஒளிந்திருக்கிறது என்பதையும், இரட்டை 18 அங்குல பேஸ் பெட்டி ஒன்றே 4 ஓம், அதை இன்னொன்றோடு கோர்த்தால் 2 என்பதையும் இளைஞர்கள் மறந்துவிடக்கூடாது. சிறிய சவுண்ட் சர்வீஸ்காரருக்கு, கல்யாண மண்டபத்துக்கு, தெரு முனைக் கூட்டத்துக்குப் பாசிவ் பெட்டியே இன்னும் பல ஆண்டுகள் சோறு போடும். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அளவுகோல் ஒன்றைச் சொல்லவேண்டும். உலக மின்தொழில்நுட்பத் தர அமைப்பின் ஐ.இ.சி. 60268-5 என்ற தரக்குறிப்பின்படி, பெட்டியின் அலைவரிசைக்குள் எந்தச் சுருதியிலும் இம்பீடன்ஸ் எழுதிய எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 8 ஓம் என்றால் 6.4-க்குக் கீழே ஓரிடமும் கூடாது. 4 என்றால் 3.2. நம் சந்தையில் கிடைக்கும் பெட்டிகளை இந்த அளவுகோலில் நிறுத்தினால் எத்தனையோ "8 ஓம்" பெட்டிகள் 6 என்றோ 4 என்றோ திருத்தி எழுதப்படவேண்டியவை.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. சுருதி ஜெனரேட்டர் ஒன்று, அல்லது கைப்பேசியில் அந்த வேலை செய்யும் செயலி ஒன்றும் சிறு ஆம்ப்ளிஃபயரும். 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சீரீஸில் வைத்து, முதலில் பெட்டிக்குப் பதில் 10 ஓம் ரெசிஸ்டரை மாட்டி அதன்மேல் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டி. அதே வோல்டேஜ் வந்தால் 10 ஓம், பாதி வந்தால் 5. சுருதியை 20-லிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். மேடும் பள்ளமும் மீட்டரில் தெரியும். சாதாரண மல்டிமீட்டரின் ஏ.சி. அளவு மேலே போகப்போகப் பொய் சொல்லும் என்பதால், ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஒருமுறை 10 ஓமை மாட்டிச் சரிபார்த்துக்கொள்ளவேண்டும். ஒரு பெட்டிக்கு அரைமணி நேரம். பெட்டியின் பின்புறம் மல்டிமீட்டரின் ஓம் அளவை வைத்துப் பார்த்து முடித்துவிடுவது அளப்பதாகாது. கண்டன்சருக்குப் பின்னால் நிற்கும் ட்வீட்டரும் மிட்டும் அந்த மீட்டருக்குத் தெரியவே தெரியாது. மூன்று ஸ்பீக்கர் பெட்டியில் அது பார்ப்பது ஊஃபர் ஒன்றைத்தான்.

அண்ணன் பணி ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது தன் கையால் செய்த ஒரு ஜோடிப் பெட்டியை எங்களிடம் விட்டுப் போனார். நம்மவர்கள் வழக்கமாகக் கடை பெயர் எழுதும் பின்பலகையில் அவர் வெள்ளைப் பெயிண்டில் நான்கு வரி எழுதியிருந்தார்: எழுதிய ஓம் 8, 180 ஹெர்ட்ஸில் மிகக் குறைவு 6.6, பிரிப்பு 2500, ஊஃபர் போனால் ஓட்டாதே. பெயிண்ட் உரியத் தொடங்கியபோது நான் அதன்மேலேயே மறுபடி எழுதினேன். எங்கள் கடையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் இப்போது அந்த நான்கு வரிகளும் உண்டு, அந்தந்தப் பெட்டியை அளந்த எண்களோடு.